அழாத பிள்ளைக்கும் பால்

உரைநடை: கருத்துக் கட்டுரை

நுழையும்முன்

மாநகராட்சி என்றவுடன் சாலை, குடிநீர், குப்பை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மன்றத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தம் வட்டத்தின் எல்லையைக் கடந்து, குரலற்ற ஒரு பிரிவினருக்காகவோ கவனிப்பாரற்ற ஒரு சிக்கலுக்காகவோ பொறுப்பேற்றுப் பேசுவது தேவையா? தேவை என்கிறது இப்பாடம். காரணங்களைப் படித்து, ஏற்பதா மறுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.



'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது பழமொழி. கேட்பவருக்குத்தான் கிடைக்கும் என்பது அதன் பொருள். உள்ளாட்சியில் நாள்தோறும் நடப்பதும் இதுவே. தெருவிளக்கு எரியவில்லை என்று நாலு பேர் திரண்டு சென்று கேட்ட தெருவில் விரைவில் வெளிச்சம் வருகிறது. கேட்க ஆளில்லாத தெரு இருளிலேயே கிடக்கிறது. ஆனால் அழத் தெரியாத பிள்ளையின் நிலை என்ன? அது அழுதாலும் அவ்வழுகை வீட்டார் காதில் விழவில்லையென்றால் என்ன செய்வது? அத்தகைய பிள்ளைக்காகக் கேட்பதற்கென்றே மன்றத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. குறிப்பிட்ட ஒரு பிரிவினருக்காகவோ ஒரு பொருளுக்காகவோ பொறுப்பேற்றுப் பேசும் உறுப்பினரை இப்பாடத்தில் 'சார்பாளர்' என்று குறிப்பிடுவோம்.

வரைகோடும் வாழ்வும்

திருப்பதி 1886ஆம் ஆண்டில் நகராட்சியாகி, 2007இல் மாநகராட்சியாக உயர்ந்தது. சித்தூர் 1917இல் நகராட்சியாகி, 2012இல் மாநகராட்சியாயிற்று. இரு நகரங்களும் தலைக்கு ஐம்பது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டவை. நீங்கள் வாழும் ஊரில் வட்டத்தை 'டிவிஷன்' என்றும், அதன் உறுப்பினரைக் 'கார்ப்பரேட்டர்' என்றும் மக்கள் அழைப்பதைக் கேட்டிருப்பீர்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருப்பதி நகர மக்கள்தொகை ஏறத்தாழ 2,87,000. ஐம்பதால் வகுத்தால் ஒரு வட்டத்துக்குச் சராசரியாக 5,700 பேர் வருகின்றனர்.

வட்டம் என்பது நிலத்தின்மீது வரைந்த கோடு. சாலையும் சாக்கடையும் ஓரிடத்தில் கிடப்பவை. ஆகவே அவற்றுக்கு இப்பிரிவினை நன்கு பொருந்துகிறது. மனிதரின் துன்பங்கள் அவ்வாறு ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஒரு நகரில் பார்வையற்றோர் ஐந்நூறு பேர் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் ஐம்பது வட்டங்களிலும் சமமாகப் பரவியிருந்தால் வட்டத்துக்குப் பத்துப் பேர் இருப்பர். 5,700 பேர் வாழும் வட்டத்தில் அப்பத்துப் பேரின் வாக்கு எந்தத் தேர்தல் முடிவையும் மாற்றாது. அதே ஐந்நூறு பேர் ஒரே தெருவில் வாழ்ந்திருந்தால் அவர்கள் வாயிற்படிக்கு எல்லாக் கட்சியினரும் வந்திருப்பர். துன்பம் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். சிதறி வாழ்கிறார்கள் என்ற ஒரே காரணத்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

நம் குடும்பங்களின் நிலையும் இதனோடு ஒத்ததே. மைய அரசுப் பணியின் பொருட்டும், வணிகத்தின் பொருட்டும், கட்டட வேலை, உணவக வேலை ஆகியவற்றின் பொருட்டும் தமிழ்நாட்டிலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்தவர்கள் ஒரே தெருவில் குடியிருப்பதில்லை. அவர்களுள் பலர் வாக்காளர் அடையாள அட்டையைச் சொந்த ஊர் முகவரியிலேயே வைத்திருக்கின்றனர். வழக்கமாக வாழும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறுதலாகிச் செல்வோம் என்று எண்ணுவோர் அதற்கு முயல்வதில்லை. வாக்கில்லாத வீட்டை உறுப்பினர் மறப்பது வியப்பன்று. குழந்தைகளுக்கோ எந்த ஊரிலும் வாக்கில்லை.

ஏரிக்கு ஒரு வாரியம்

ஒரு பொருளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். அவ்வூர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பொறுப்பேற்றனர். ஏரியைக் காப்பது ஊரார் அனைவரின் கடமைதான். ஆனாலும் அதற்கென அறுவரைக் குறித்து வைத்தனர். பொறுப்பின் காலம் முந்நூற்று அறுபது நாள். முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது.

இதிலுள்ள குறையையும் நாம் மறைக்கக் கூடாது. நிலமும் சொந்த மனையும் உடையோரே அங்குப் பொறுப்புக்கு வரத் தகுதி பெற்றனர். ஏரிக்கு வாரியம் இருந்தது. அந்த ஏரிநீரால் பிறர் வயலில் உழைத்த நிலமற்றவருக்காகப் பேச ஒருவரும் இல்லை. பொருளுக்குச் சார்பாளர் இருந்தால் மட்டும் போதாது, மனிதருக்கும் இருக்க வேண்டும் என்பதையே இக்குறை உணர்த்துகிறது.

ஓர் அணாச் சிற்றுண்டி

மனிதருக்காக மன்றத்தில் ஒருவர் பேசினால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை மாநகராட்சியின் வரலாறு காட்டுகிறது. 1920இல் அதன் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் பயின்றவர்கள் ஏழைப் பிள்ளைகள். வறுமையால் அவர்களின் வருகை குறைந்தது. அப்பிள்ளைகளுக்கு வாக்குரிமை இல்லை. அக்காலத்தில் அவர்களின் பெற்றோருள் பெரும்பாலோர்க்கும் வாக்குரிமை இல்லை. சொத்துடையோர்க்கும் வரி செலுத்துவோர்க்குமே அவ்வுரிமை இருந்தது.

அவர்கள் பொருட்டுத் தியாகராயர் கொண்டுவந்த முன்மொழிவை மன்றம் 1920 செப்டம்பர் 16 அன்று ஏற்றது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் பள்ளியிலேயே சிற்றுண்டி வழங்குவது என்பதே அத்தீர்மானம். பின்னர் அத்திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அப்பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1922-23இல் 811ஆக இருந்து, 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேல்! ஓர் உறுப்பினரின் குரலுக்கு உள்ள ஆற்றல் இது.

இந்நிகழ்ச்சியில் நாம் உற்று நோக்க வேண்டிய செய்திகள் இரண்டு உள்ளன. ஒன்று, தியாகராயர் தெலுங்கு பேசும் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர், செல்வர். சென்னை ஏழைப் பிள்ளைகளின் பசியைப் பேச அவர் அவர்களுள் ஒருவராக இருக்க வேண்டியிருக்கவில்லை. மற்றொன்று, தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அன்றைய அரசு ஒப்பவில்லை. அதனால் 1925 ஏப்ரல் 1 முதல் அத்திட்டம் நின்றுபோனது. நல்லெண்ணமும் இருந்தது, தீர்மானமும் இருந்தது, நிலையான நிதித் தலைப்பு இல்லை. குரல் எழுப்புவது தொடக்கம் மட்டுமே. குரலுக்குப் பின்னால் பணம் நிற்காவிட்டால் பிள்ளையின் தட்டு மீண்டும் வெறுமையாகும்.

எல்லோருக்கும் உரிய கடமை

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது? 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்குப் புதிய வலிமை தந்தது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு அவர்களின் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்களும், பெண்களுக்கு மூன்றிலொரு பங்குக்குக் குறையாத இடங்களும் ஒதுக்கப்பட்டன. ஆந்திரப் பிரதேசத்தில் பெண்களுக்கு உரிய பங்கு பாதியாக உயர்த்தப்பட்டுள்ளது. நகராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க பதினெட்டுப் பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் ஒன்பதாவது பணி, மாற்றுத்திறனாளிகள் உட்பட நலிந்த பிரிவினரின் நலன்களைக் காத்தல் ஆகும். சாலை போடுவதைப் போலவே இதுவும் நகராட்சியின் வேலை என்பதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான பிரிவு ஒன்று உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 350ஏ பிரிவு 1956இல் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்குப் போதிய வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்று அது கூறுகிறது. மாநிலத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், மாநிலத்திலுள்ள ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்றும் கூறுகிறது. ஆக, திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழ்க் குழந்தையின் தாய்மொழிக் கல்வி அந்நகர மன்றங்களின் கடமைகளுள் ஒன்று. தமிழ்நாட்டு நகரங்களில் வாழும் தெலுங்குக் குழந்தைக்கும் இதே உரிமை உண்டு.

கடமை எழுத்தில் இருக்கிறது. அதை மன்றத்தில் எடுத்து வைப்பவர் யார்? 'ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும்' என்று சட்டம் சொல்லும்போது ஐம்பது உறுப்பினர்க்கும் அக்கடமை உண்டு. ஐம்பது பேருக்கும் பொதுவான வேலையை நாற்பத்தொன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவது இயல்பு. அதனால்தான் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறேன்.

அலுவலர் நிலையில் ஆந்திரப் பிரதேசம் இதை முன்பே செய்துள்ளது. 2019 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட வார்டு சச்சிவாலய அமைப்பில் துப்புரவு, கல்வி, நலத்திட்டம், பெண்கள் பாதுகாப்பு எனப் பொருள்வாரியாகச் செயலர்கள் அமர்த்தப்பட்டனர். அலுவலர் மேலிடத்துக்குப் பதில் சொல்பவர், மாறுதலாகிச் செல்பவர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, மக்களுக்கே பதில் சொல்ல வேண்டிய உறுப்பினர்களிடமும் அத்தகைய பொருள்வாரிப் பொறுப்பு இருக்க வேண்டும் என்பதே நான் வேண்டுவது.

அண்டையில் நடப்பவை

சித்தூருக்கு அருகிலுள்ள வேலூரில் 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்தது. அதன் 37ஆவது வட்டத்தில் ஆர். கங்கா என்னும் திருநங்கை வெற்றி பெற்றார். அவர் திருநங்கையர் வாக்கால் மட்டும் வென்றவரல்லர்; அவ்வட்டத்தின் பொது வாக்காளர்களே அவரைத் தேர்ந்தெடுத்தனர். வட்டத்தின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் பொறுப்பேற்ற ஒருவர் திருநங்கையரின் சார்பிலும் மன்றத்தில் அமர்கிறார். இரண்டு பொறுப்புகளும் ஒருவரிடம் பொருந்தும் என்பதற்கு அவ்வெற்றியே சான்று.

2025 ஏப்ரல் 16 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் உள்ளாட்சிச் சட்டத் திருத்த முன்வடிவுகள் அறிமுகம் செய்யப்பட்டன. ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்துவது அவற்றின் நோக்கம். முன்பு நாம் கணக்கிட்ட 'வட்டத்துக்குப் பத்துப் பேர்' என்னும் சிக்கலுக்கு இஃது ஒரு நேரடியான விடை. தேர்தலில் வெல்ல முடியாத அளவுக்குச் சிதறி வாழ்பவர்களுக்கு மன்றத்தில் ஓர் இருக்கை கிடைக்கிறது. ஆந்திரப் பிரதேச நகராட்சிச் சட்டங்களிலும் சிறுபான்மையினரைக் கூடுதல் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள வழி உண்டு.

பிரிட்டனில் இதற்கு வேறொரு முறை உள்ளது. அங்குள்ள பல உள்ளாட்சி மன்றங்கள் தம் உறுப்பினர்களுள் ஒருவரை முதியோருக்கு எனவும், ஒருவரை முன்னாள் படைவீரருக்கு எனவும், ஒருவரை இளையோருக்கு எனவும் குறிக்கின்றன. புதிய இருக்கையோ புதிய சட்டமோ இதற்குத் தேவையில்லை. இருக்கும் உறுப்பினர்களே பொறுப்புகளைப் பகிர்ந்துகொள்கின்றனர். எளிமையான இம்முறை நம் ஊர்களுக்கும் ஏற்றது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்தை எல்லோரும் ஏற்பதில்லை. 'ஒருவரைக் குறித்துவிட்டால் மற்றவர்கள் கைகழுவி விடுவார்கள்' என்பர் சிலர். இவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் ஏரி வாரியம் இருந்ததால் ஊரார் ஏரியை மறந்துவிடவில்லை. யாரைக் கேட்பது என்பது மக்களுக்குத் தெரிந்தது. சார்பாளர் மற்றவர்களின் வேலையைத் தாமே செய்பவரல்லர். அவர்கள் தம் வேலையைச் செய்தார்களா என்று மன்றத்தில் கேட்பவர்.

'பிரிவுக்கு ஒருவர் என்றால் ஊர் துண்டுபடும். மொழியும் சாதியும் வாக்கு வணிகமாகும்' என்பது இரண்டாவது மறுப்பு. இது மூன்றனுள் வலிமையானது. ஒரு பிரிவினரின் காவலர் என்று சொல்லிக்கொண்டு பிற பிரிவினர்மீது பகை வளர்ப்பவர்களை எல்லா மாநிலங்களிலும் காண்கிறோம். சார்பாளருக்கும் அவர்களுக்கும் வேறுபாடு காண ஓர் எளிய வழி உண்டு. அவர் கேட்பது பிறருக்கும் பயன்படுமா என்று பாருங்கள். மாற்றுத்திறனாளிக்காகப் போடப்படும் சாய்தளம் முதியவருக்கும், கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும் உதவும். ஒரு பள்ளிக்கு வந்த குடிநீர்க் குழாய் எந்த மொழி பேசும் பிள்ளைக்கும் தாகம் தீர்க்கும். பிறருடைய பங்கைப் பறித்துத் தம்மவருக்குத் தருவேன் என்பவர் சார்பாளர் அல்லர்.

'இது வெறும் பட்டம், பட்டத்தால் பயனென்ன?' என்பது மூன்றாவது மறுப்பு. வெறும் பட்டமானால் பயனில்லைதான். ஆகவே நான்கு கட்டுப்பாடுகள் வேண்டும். தம் பொருள் குறித்து மன்றத்தில் எழுத்து வடிவில் கேள்வி எழுப்பி, நிகழ்ச்சிக் குறிப்பில் இடம்பெறச் செய்ய வேண்டும். அப்பொருளுக்கென வரவு செலவுத் திட்டத்தில் தனித் தலைப்புக் கேட்டுப் பெற வேண்டும். 1925ஆம் ஆண்டு சென்னை கற்பித்த பாடம் அது. ஆண்டுக்கொரு முறை செய்தவற்றையும் செய்யாதவற்றையும் மக்கள்முன் அறிக்கையாக வைக்க வேண்டும்; உத்திரமேரூர் கற்பித்த பாடம் அது. எவருக்காகப் பேசுகிறாரோ அவர்களை ஆண்டுதோறும் அழைத்து, அவர்கள் வாயாலேயே குறைகளைக் கேட்க வேண்டும். இவற்றைச் செய்யாதவரிடமிருந்து பொறுப்பை மன்றம் திரும்பப் பெறலாம்.

நம் ஊரில் தொடங்குவோம்

திருப்பதி, சித்தூர் மாநகராட்சிகள் எல்லாப் பிரிவினருக்கும் ஒரே நாளில் சார்பாளரை நியமிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முதலில் குழந்தைகளுக்கு ஒருவரை நியமிக்கட்டும். வாக்கே இல்லாதவர்கள் அவர்கள்தாம். பள்ளிச் சாலையில் வேகத்தடை, விளையாட ஓரிடம், பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர், தாய்மொழி கற்க ஒரு வகுப்பு ஆகியவற்றை அவர் கேட்கட்டும். தெலுங்கு, தமிழ், உருது என எந்த மொழி பேசும் குழந்தைக்கும் அவரே சார்பாளர்.

அவர் தமிழராகத்தான் இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சென்னைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கேட்டவரின் வீட்டு மொழி தெலுங்கு. திருப்பதிப் பிள்ளைகளுக்காகப் பேசுபவரின் வீட்டு மொழியும் தெலுங்காக இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது அவர் கேட்கிறாரா என்பதையே.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. இம்மன்றங்களின் நடவடிக்கை தெலுங்கில் நடைபெறுகிறது. பணி மாறுதலில் இம்மாநிலத்துக்கு வந்த என்னைப் போன்றவர்களைவிட, உங்கள் பெற்றோர் பலரைவிட, நீங்கள் தெலுங்கை நன்றாகப் பேசுகிறீர்கள், எழுதவும் செய்கிறீர்கள். வீட்டின் குறையைத் தமிழில் கேட்டு, மன்றத்துக்குத் தெலுங்கில் விண்ணப்பமாக எழுத வல்லவர்கள் நீங்கள்தாம். தமிழை மறந்துவிட்டால் வீட்டின் குறை உங்களுக்கு முழுமையாக விளங்காது. தெலுங்கைப் புறக்கணித்தால் அக்குறை மன்றத்தை எட்டாது. இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் வட்டத்தின் உறுப்பினர் யார் என்று கேட்டறியுங்கள். குழந்தைகளுக்கென ஓர் உறுப்பினரைப் பெயர் குறித்து நியமிக்குமாறு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாக்களிக்கப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும்; கடிதம் எழுத அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.

சொல்லும் பொருளும்

குடும்பு – ஊரின் பிரிவு, வட்டம்
வாரியம் – குறித்த பணியைக் கவனிக்கும் குழு
அணா – பழைய நாணயம்; ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு
முன்வடிவு – மன்றத்தின் ஏற்புக்காக வைக்கப்படும் சட்ட வரைவு
சாய்தளம் – சக்கர நாற்காலி ஏறுவதற்கான சரிவான பாதை

சிந்தித்து எழுதுக

1. ஒரு பிரிவினர் சிதறி வாழ்வதால் அவர்களின் குரல் மன்றத்தை எட்டாமல் போவதை ஒரு கணக்கின் வாயிலாக விளக்குக.
2. 1925ஆம் ஆண்டில் சென்னைச் சிற்றுண்டித் திட்டம் நின்றதிலிருந்து ஆசிரியர் பெறும் பாடம் யாது?
3. சார்பாளரையும் பகை வளர்ப்பவரையும் வேறுபடுத்த ஆசிரியர் கூறும் அளவுகோலை ஏற்கிறீர்களா? உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.
4. மூன்று மறுப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து, ஆசிரியரின் விடைக்கு எதிராகப் பத்து வரிகளில் வாதிடுக.

செயல்பாடு

உங்கள் வட்டத்தில் குழந்தைகள் எதிர்கொள்ளும் குறை ஒன்றைத் தேர்ந்து, உறுப்பினருக்கு ஒரு விண்ணப்பத்தை முதலில் தமிழில் எழுதுக. பின்னர் வகுப்புத் தோழர் ஒருவருடன் இணைந்து அதனைத் தெலுங்கில் எழுதுக.